பாரா மாற ஒரு கால்மணி நேரம் கொடுங்கள்

சிறைகளில் டூட்டி பட்டியல் எழுதும் கண்காணிப்பாளர்கள், ஜெயிலர்கள், ஷிஃப்ட் பொறுப்பில் நிற்கும் தலைமைக் காவலர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

சிறைத்துறையில் காவலராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்று, இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியவன் எதற்கு மடல் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கண்டனூர், புதுவயல், கல்லல், திருப்பத்தூர் என்று எங்கள் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலர்களாகச் சிறைக்குள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மதுரையில் இருக்கிறான் ஒருவன், திருச்சியில் இருக்கிறான் இன்னொருவன். லீவில் ஊருக்கு வந்தால் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் சம்பளம் கடைசியில்தான் வரும். முதலில் வருவது, “எப்ப டூட்டி முடியும்னே தெரியல பெரியப்பா” என்பதுதான். நான் சேர்ந்த காலத்திலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. பாரா, அதாவது காவல் நிற்கும் முறை, மாறி ஒரு ஷிஃப்ட் போய் இன்னொரு ஷிஃப்ட் வரும்போது, போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக நிற்க ஒரு கால்மணி நேரத்தை டூட்டி பட்டியலிலேயே எழுதுங்கள். அது வேலை நேரமாகக் கணக்கில் வரட்டும். அந்த நேரத்தில் பொறுப்பு அதிகாரி கேட் ரூமில் உட்காராமல், கைதிகளை அடைத்து வைக்கும் தொகுதிக்குள் நிற்கட்டும்.

இப்போது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மதியம் இரண்டு மணி மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வந்தவருக்கு ஒன்றரை மணியிலிருந்தே கண் கேட் பக்கம்தான். காலையில் சாப்பிட்ட நாலு இட்லியோடு நிற்கிறார். தொப்பி கழன்று கக்கத்துக்குப் போய்விடும், தண்ணீர் பாட்டில் பைக்குள் போய்விடும். வருகிறவர் கேட்டில் சோதனை முடித்து, ரோல் கால் முடித்து, தொகுதி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பத்து ஆகிவிடும். அதற்குள் நோட்டு எழுதித் தயாராக இருக்கும்: ‘எண்ணிக்கை சரி. சாவி சரி. விசேஷம் ஏதும் இல்லை.’ வருகிறவர் நின்றபடியே கையெழுத்துப் போடுவார். சாவிக்கொத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். கொத்தில் எத்தனை சாவி என்று எண்ண மாட்டார், கையில் கனம் தெரிந்தால் சரி என்று வாங்கிக்கொள்வார். போகிறவர் நாலு எட்டு வைத்த பிறகு திரும்பிப் பார்த்து, “அந்த ஏழாம் நம்பரை மட்டும் கொஞ்சம் பாத்துக்கண்ணே” என்பார். எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்குள் ஆள் கேட்டைத் தாண்டியிருப்பார்.

அந்த ஏழாம் நம்பர்தான் ஒப்படைக்க வேண்டிய விஷயம். நேற்று மனு பார்க்க, அதாவது பார்க்க வந்தவர்களைச் சந்திக்க, போனவன், வீட்டிலிருந்து யாரும் வராமல் வக்கீலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினான். அதிலிருந்து யாரோடும் பேச்சில்லை. காலைச் சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளிவிட்டான். துண்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறான். இதை எழுத நோட்டில் எந்தக் கட்டமும் கிடையாது. எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவருடைய கண்ணில் மட்டும்தான் அது இருக்கிறது. அவர் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. நம் நாட்டுச் சிறைகளில் இயற்கை அல்லாத சாவுகளில் பெரும்பாலானவை தற்கொலைகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அச்சடித்துக் கொடுக்கிறது. சிறைகளில் தற்கொலையைத் தடுக்க 2023-ல் தேசிய மனித உரிமை ஆணையமும் ஆலோசனைக் குறிப்பு அனுப்பியது. குறிப்புகள் வந்து ஃபைலில் ஏறிவிடுகின்றன. ஏழாம் நம்பரைப் பற்றி ஒரு காவலர் இன்னொரு காவலரிடம் உட்கார்ந்து சொல்ல மட்டும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

வேலூர்க் கோட்டையில் 1995 ஆகஸ்டில் நடந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அது சிறையல்ல, சிறப்பு முகாம். இருந்தாலும் பாடம் நமக்கும் சேர்த்துத்தான். சுரங்கம் ஒரே ராத்திரியில் தோண்டுகிற காரியம் இல்லை. தோண்டத் தோண்ட மண் எங்கேயாவது போயாக வேண்டும், சத்தம் எங்கேயாவது கேட்டாக வேண்டும். ஒவ்வொரு பாராவும் வந்து, நின்று, ‘விசேஷம் ஏதும் இல்லை’ என்று அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனால், ஒருவர் பார்த்த சிறு மண் கறையும் இன்னொருவர் காதில் விழுந்த சிறு சத்தமும் ஒன்றாகச் சேரவே சேராது.

1999 நவம்பர் 17 அதைவிடக் கசப்பானது. ஒரு கைதி ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி உள்ளே பரவி, சென்னை மத்திய சிறை பற்றி எரிந்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் உயிரோடு எரிக்கப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். அந்தக் கட்டடமே இன்றைக்கு இல்லை, எல்லாம் புழலுக்குப் போய்விட்டது. அந்தச் சம்பவத்துக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலை பார்த்த எங்களுக்கு ஒன்று மட்டும் எலும்பில் ஏறிவிட்டது: தொகுதி திடீரென்று பொங்காது. முதல் நாளே தண்ணீர்க் குழாயடியில் பேச்சு குறையும். கேரம் போர்டு சும்மா கிடக்கும். பீடிக்குக் கெஞ்சுகிறவன் கெஞ்ச மாட்டான். இதையெல்லாம் பார்த்தவர் ஒருவர், பார்க்க வேண்டியவர் இன்னொருவர். நடுவில் பாரா மாறுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சங்கதியை ரொம்ப நாளைக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். என் அப்பா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பர்மா, மலாய், இலங்கைக் கடைகளுக்கு இங்கிருந்து ஆள் போன கதைகளைச் சொல்லுவார். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர வேண்டும். மூன்று வருஷக் கணக்கு. புது மேலாள் கப்பலில் வந்து இறங்கியதும் பழையவர் சட்டென்று மூட்டையைக் கட்டிவிட முடியாது. பேரேட்டைப் புரட்டி, ஐந்தொகை போட்டுக் காட்டி, எந்தக் கடன்காரர் நாணயஸ்தர், யார் ‘அடுத்த வாரம்’ என்றே காலம் தள்ளுகிறவர், எந்த வயல் அடமானத்தில் வில்லங்கம் என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவார். பேரேட்டில் ஏறாத விஷயத்தையும் சேர்த்து ஒப்படைத்தால்தான் ஒப்படைப்பு. வெறும் பணம் புழங்கும் இடத்திலேயே அந்தக் கெடுபிடி. நம்மிடம் புழங்குவது ஆள்.

சரி, நேரம் கொடுங்கள் என்றால் உடனே வரும் பதில், “ஆள் இல்லை.” உண்மைதான். நாடு முழுக்கச் சிறைப் பணியிடங்களில் சுமார் 30 சதவீதம் காலி. ஆனால் ஆள் பற்றாக்குறையைப் பேசும் நாம், ஒரு பாராவுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கையே பல இடங்களில் சரியாகப் போடுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், அதனால் ஒரு பாராவுக்கு மூன்று பேர் என்று பட்டியல் எழுதுகிறார்கள். வருஷத்துக்கு 365 நாள், மூன்று ஷிஃப்ட் என்றால் 1,095 ஷிஃப்ட் நிரப்ப வேண்டும். ஒரு காவலருக்கு வார ஓய்வு 52 நாள், தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30. இவற்றைக் கழித்தால் அவர் வேலைக்கு வரும் நாள் 271. 1,095-ஐ 271-ஆல் வகுத்தால் நான்கு வருகிறது. காய்ச்சல், பயிற்சி, கோர்ட் சாட்சி, வீட்டில் ஒரு சாவு, திருவிழா பந்தோபஸ்து எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மூன்று பேரை வைத்து நான்கு பேர் வேலையைப் பார்த்தால், அந்த நான்காவது ஆள் எங்கிருந்து வருகிறார்? மற்ற மூன்று பேருடைய வார ஓய்விலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வருகிறார்.

2016 மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அது சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டிய ஆள் கணக்கு. மூன்று ஷிஃப்டாகப் பிரித்தாலே பதினெட்டுக்கு ஒருவர். ஓய்வும் விடுப்பும் போனால் இருபதுக்கு மேல். இதெல்லாம் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால்.

1894-ஆம் வருஷத்துச் சிறைகள் சட்டத்தை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஜெயிலர் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஓர் இரவுகூட சிறைக்கு வெளியே தங்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். ராத்திரியில் பொறுப்பானவர் உள்ளே இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அவனுக்கு அக்கறை இருந்தது. பாரா நிற்கும் காவலர் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று யோசிக்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை. நமக்குமா தோன்றக் கூடாது? இரவு மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் உடம்பு தானாகவே சரியும். அதை ஒழுங்கீனம் என்று மெமோ கொடுத்து நிறுத்த முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் நாலு மணிக்குத் தொகுதியைச் சுற்றினால், அவர் எண்ணுவது போர்வைகளை. போர்வைக்குள் ஆள் இருக்கிறதா, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்க அவரிடம் தெம்பு இருக்காது. இதற்கு அவரைச் சஸ்பெண்ட் செய்து பிரயோஜனம் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவரிடம்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும்.

ஆள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் கிடைப்பார்கள். ஒவ்வொரு சிறையிலும் பாராவுக்கு வராத காவலர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். ஒருவர் ஆபீஸில் டைப் அடிப்பார், ஒருவர் டிரைவர், ஒருவர் ஸ்டோரில். ஒருவர் அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். காவல்துறையில் ஆர்டர்லி முறையை ஒழித்து அரசு ஆணை போட்டது 1979-ல். அதை நடைமுறைப்படுத்துங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நம் துறை அதைப் பக்கத்து வீட்டு வழக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டுக்குப் போகும் காவலரைத் தொகுதிக்குத் திருப்பினால், நான் கேட்கும் கால்மணி நேரம் பல பாராக்களுக்கு அதிலேயே கிடைத்துவிடும். இதை எழுதும்போது சில அதிகாரிகளுக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், பென்ஷனை நிறுத்த முடியாது.

பெண்கள் சிறைகளில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆண்கள் பகுதியில் ஒருவர் வராவிட்டால் பக்கத்துத் தொகுதியிலிருந்து ஒருவரை இழுத்துப் போடலாம். சின்னப் பெண்கள் கிளைச் சிறையில் வர வேண்டியவர் வராவிட்டால், இருக்கிறவர் வீட்டுக்குப் போக முடியாது. ஆறு வயது வரை குழந்தைகள் தாயோடு உள்ளே இருக்கலாம் என்பதால், அங்கே ஒப்படைப்பில் பிள்ளைகளின் காய்ச்சலும் பால் பவுடரும்கூட உண்டு. டூட்டி பட்டியல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண் காவலர் தன் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆறு மணி ரோல் காலுக்கு எப்படி வருவார் என்று அந்தப் பேனா ஒரு நிமிடம் நின்று யோசிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. பதிவேட்டில் அடித்துவிடுவது சுலபம். பாரா ஒப்படைக்கும்போது ‘அந்த ஆளுங்க இருக்கிற பிளாக்’ என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் வாயில் இருக்கிறது. சாதி பெயரைச் சொன்னால் விளக்கம் முடிந்துவிட்டது என்ற சோம்பல் அது. தலைமைக் காவலர் பக்கத்தில் நின்று ஒப்படைப்பைக் கேட்டால், “ஆளு பேரைச் சொல்லு, என்ன பண்ணினான்னு சொல்லு” என்று அங்கேயே திருத்த முடியும். கேட் ரூமில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது.

மேற்பார்வை என்று நாம் சொல்வதில் பாதி, கையெழுத்துகளைப் பார்ப்பது. சிசிடிவி வந்துவிட்டது, உடம்பில் மாட்டும் கேமராவும் வந்துவிட்டது. நல்லதுதான், நான் பழைய ஆள் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கப் போவதை எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே, காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். மதிலையும் டவரையும் நம்பி நடக்கிற இடம் இல்லை அது. அங்கே காவலருடைய ஆயுதம், ஒவ்வொரு ஆளையும் முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பது. உயரமான மதில் உள்ள இடத்தில் மட்டும் அது வேண்டாமா என்ன?

இதை எழுதும்போது திருவாடானை நினைவுக்கு வருகிறது. 1942 ஆகஸ்டில், தேவகோட்டையில் கைதான சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை அங்கே அடைத்து வைத்ததும், ஜனங்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெருமை. எனக்கும் பெருமைதான். ஆனால் உத்தியோக புத்தி போகாதே! அன்றைக்குப் பாராவில் நின்ற காவலர் யார், தேவகோட்டையில் ஜனம் கொதித்துப் போயிருக்கிறது என்று முந்தின ஷிஃப்ட் அவரிடம் சொன்னதா என்றுதான் நான் யோசிப்பேன். கேட்டுச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாச் சிறையிலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரு சிறையில் ஒரே ஒரு தொகுதியில், அதுவும் உயர் பாதுகாப்புத் தொகுதியாக இல்லாமல் சாதாரண விசாரணைக் கைதிகள் தொகுதியாகப் பார்த்து, மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். வருகிறவர் 1.45-க்கு உள்ளே வரட்டும். இரண்டு பேரும் சேர்ந்து கொட்டடி கொட்டடியாக நடக்கட்டும், பூட்டை இழுத்துப் பார்க்கட்டும், கம்பியைத் தட்டிப் பார்க்கட்டும், சாவியை ஒவ்வொன்றாக எண்ணட்டும். நோட்டில் ‘விசேஷம் ஏதும் இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘கவனிக்க வேண்டியவர்கள்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். காலியாக விட அனுமதி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒரு காவலர் சொன்னால், அவர் எட்டு மணி நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம்.

அந்தக் கட்டத்தில் எழுதியதற்காக யாருக்கும் மெமோ கொடுக்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். ‘கம்பியில் துரு இருக்கிறது’ என்று எழுதியவரிடம் ‘நேற்று ஏன் எழுதவில்லை’ என்று விளக்கம் கேட்டால், மறுநாளிலிருந்து எல்லாக் கம்பியும் நன்றாகவே இருக்கும். நோட்டில் மட்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, அந்தத் தொகுதியில் கைப்பற்றிய செல்போன்கள், அடிதடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, காவலர்கள் எடுத்த மருத்துவ விடுப்பு இவற்றைப் பக்கத்துத் தொகுதியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நான் மறு மடல் எழுத மாட்டேன். வித்தியாசம் இருந்தால், அந்தக் கால்மணி நேரத்தை நிலையாணையில் சேர்த்து, டூட்டி பட்டியலில் தனி வரியாக எழுதுங்கள். அடுத்த ஜெயிலர் வந்து பேனாவால் அடித்துவிட முடியாதபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர்,
தேவகோட்டை.